கருப்புச் சோடியில் ஒரு சிவப்புக் குஞ்சு

தெற்கு வாசல் பக்கம் முகைதீன் பிச்சைக்கு இரண்டு பெயர் உண்டு. ஈயம் பூசப் பித்தளைப் பாத்திரம் கொண்டுவரும் வீட்டுப் பெண்களுக்கு அவர் ஈயக்காரர். புறா வளர்ப்பவர்களுக்கு அவர் நீதிபதி. முதல் வேலையில் சோறு கிடைத்தது, இரண்டாவதில் மரியாதை கிடைத்தது. எது பெரிது என்று கேட்டால் சோறுதான் என்று அவரும் சொல்வார். சொல்லும்போது முகத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றாது.

பகலெல்லாம் துருத்தியும் நவச்சாரப் புகையும். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார். மாடியில் நாற்பது புறா. அத்தனையும் கருப்பு, தலை முதல் வால் வரை ஒரு வெள்ளை இறகு கூட இல்லாத கருப்பு. காலையில் விட்டால் உச்சி வெயில் வரை இறங்காமல் சுற்றும். மதுரையில் வேறு யாரிடமும் இப்படி ஒரு வரிசை இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாதவர்களிடம் அவர் பேசுவதில்லை.

நீதிபதிப் பட்டம் வந்த கதை இது. கருப்புச் சோடிக்கு எப்போதாவது ஒரு செம்புநிறக் குஞ்சு பிறந்துவிடும். குஞ்சுக்குப் பத்துப் பன்னிரண்டு நாளில் இறகுக் குருத்து முளைக்கும்போதுதான் விஷயம் தெரியவரும். புறா ஒன்றோடு சோடி சேர்ந்தால் அதோடேயே இருக்கும் என்பது பேச்சு. அப்படியிருக்க, சிவப்பு எங்கிருந்து வந்தது? சோடியைத் தூக்கிக்கொண்டு முகைதீன் பிச்சையிடம் வருவார்கள். அவர் ஆணைப் பார்ப்பார், பெட்டையைப் பார்ப்பார், கழுத்து இறகை ஊதிப் பார்ப்பார். தீர்ப்பு மட்டும் எப்போதும் ஒன்றுதான்.

"பெட்டை வெளியே மேஞ்சிருக்கு. ஆண் சுத்தம். பெட்டையக் கழிச்சுரு."

கழிப்பது என்றால் அன்றைக்கு ராத்திரிச் சட்டிக்குப் போவது. அவருடைய சொந்த மாடியிலேயே பதினொரு பெட்டை இப்படிப் போயிருக்கின்றன. ஒன்று மட்டும் தப்பியது. இரண்டு தெரு தள்ளிச் சாயப்பட்டறை வைத்திருந்த பட்டுநூல்காரர் ராஜாராம், பாத்திரம் வாங்க வந்த இடத்தில் அது கால் கட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டார். "நாங்க கறி திங்கிறதில்ல பாய். வெறுமனே எனக்குக் குடுத்துருங்க" என்று கேட்டு வாங்கிப் போனார். அது பட்டறையில் நூல் காயப்போடும் மூங்கிலில் தனியாக உட்கார்ந்து ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டது.

1934ஆம் வருஷம் ஆனி மாதத்தில் முகைதீன் பிச்சைக்குப் பேத்தி பிறந்தாள். மகன் அப்துல் அலீமுக்கு முதல் பிள்ளை. மருமகள் சைனப் வெளியாள் இல்லை, பிச்சையின் கூடப்பிறந்த தங்கை சபியாவின் மகள். தல்லாகுளத்தில் சபியாவின் வீட்டில்தான் பிரசவம். மருத்துவச்சி பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தவள், கொடுக்காமல் கொஞ்சநேரம் நின்றாளாம்.

பிள்ளை வெள்ளையாக இருந்தது. சிவந்த மேனி என்று பெருமையாகச் சொல்வார்களே, அது இல்லை. பால்போல வெள்ளை. தலைமயிர் சோளப்பட்டு நிறம். புருவம் இருக்கிற இடம் தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஆடியது, வெளிச்சம் பட்டதும் இறுக மூடிக்கொண்டது. அலீமும் கருப்பு, சைனபும் கருப்பு. குடும்பத்தில் மாநிறம் என்று சொல்லக்கூட யாரையும் தேடத்தான் வேண்டும்.

தல்லாகுளத்தில் கோர்ட்டும் கச்சேரியும் இருந்தன. அதனால் துரைமார் பங்களாவும் இருந்தது. ஊர் வாய்க்கு இது போதாதா? சைனப் தாய்வீட்டுக்குப் போனது ஏழாம் மாதத்தில். கணக்குப் போட்டுப் பார்த்தாலே கதை இடித்திருக்கும். ஆனால் இந்த மாதிரிக் கதையைச் சொல்கிறவர்கள் விரல்விட்டு எண்ணுவதில்லை. ஒரு வாரத்தில் தெற்கு வாசல் முழுக்கப் பரவிவிட்டது.

அலீம் பிள்ளையைப் பார்க்கப் போனான். பார்த்தான், தூக்கவில்லை, திரும்பி வந்துவிட்டான். நாற்பது நாள் கழிந்ததும் மருமகளை அழைத்துவர வேண்டும். யாரும் கிளம்பவில்லை. பிச்சையின் மனைவி பக்ருன்னிசா அடுப்படியில் இருந்தபடியே, "அவ அங்கேயே இருக்கட்டும்" என்றாள்.

அன்று சாயங்காலம் அலீம் மாடிக்கு வந்தான். வழக்கமாக அவன் மாடிக்கு வருகிறவன் அல்ல.

"அத்தா, நான் தலாக் சொல்லிரலாம்னு இருக்கேன்."

"என்னடா பேசுற? அவ எந்தங்கச்சி மக."

"தெரியும். கருப்புச் சோடியில செவப்பு விழுந்தா பெட்டை வெளியே மேஞ்சிருக்குன்னு ஊருக்கே சொல்றது நீங்கதானே? எங்கிட்ட மட்டும் வேற மாதிரி சொல்வீங்களா?"

முகைதீன் பிச்சையின் கையில் இருந்த கம்பு தரையில் சிந்தியது. புறாக்கள் வந்து பொறுக்கின. சைனபை அவள் பிறந்த நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்பது தெரியும். ஆனால் தெரியும் என்று சொல்வதற்கும் காட்டுவதற்கும் நடுவே அவருடைய முப்பது வருஷத் தீர்ப்பு சுவராக நின்றது. அதை அவரே கட்டியிருந்தார். மனசு கூசியது.

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மறுநாள் ராஜாராம் பட்டறைக்குப் போனார். வாசலில் தொட்டிகள் வரிசையாக இருந்தன, ஒன்றில் கருப்பு, ஒன்றில் சிவப்பு. மூங்கிலில் அந்தப் பெட்டை உட்கார்ந்திருந்தது. அவரைப் பார்த்ததும் கழுத்தைச் சாய்த்தது. பிச்சை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

விஷயம் ராஜாராமுக்கும் எட்டியிருந்தது. நல்ல மனுஷர், ஆனால் தன் தொழிலை வைத்துத்தான் எதையும் பேசுவார். "எனக்குப் புரியல பாய். கருப்பும் கருப்பும் கலந்தா கருப்புத்தானே வரணும்? கருப்புத் தொட்டியில செவப்பை ஊத்தினா அம்புட்டுத்தான், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் பிரிச்செடுக்க முடியாது."

"புறாவுல அப்படிக் கலக்காதுண்ணே" என்றார் பிச்சை, யோசிக்காமல். "செவப்பு ஆணையும் கருப்புப் பெட்டையையும் சேர்த்தா மங்கலா ஒண்ணும் பொறக்காது. அம்புட்டும் கருப்பாத்தான் பொறக்கும்."

"அப்ப செவப்பு என்னாச்சு?"

"செத்துப்போச்சுன்னு நெனச்சுக்குவோம்."

சொல்லிவிட்டு நிறுத்தினார். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. சிவப்புச் சோடிக்குக் கருப்புக் குஞ்சு பிறந்து அவர் பார்த்ததே இல்லை. கருப்புச் சோடிக்குத்தான் சிவப்பு பிறக்கிறது. பெட்டை ஊர் மேய்கிறது என்றால் சிவப்புப் பெட்டை மட்டும் ஏன் மேய்வதில்லை? ஊரில் கருப்பு ஆண் புறாவுக்கா பஞ்சம்? முப்பது வருஷமாகக் கண் முன்னால் கிடந்த கேள்வி. ஒரு தடவைகூட அதை எடுத்துப் பார்த்ததில்லை.

இன்னும் பின்னால் போனார். அவருடைய கருப்பு வரிசைக்கு ஆதி எது? உசிலம்பட்டிச் சந்தையில் வாங்கிய ஒரு பெட்டை. அது சிவப்பு. கருப்பு ஆணோடு சேர்த்ததில் குஞ்சுகள் எல்லாம் கருப்பாக வந்தன என்று சிவப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அந்தக் கருப்புகளை வைத்தே வரிசையைப் பெருக்கினார். செத்துப்போனதாக நினைத்த சிவப்பு சாகவில்லை. உள்ளே இருந்திருக்கிறது.

பிச்சை இதையெல்லாம் சொல்லச் சொல்ல ராஜாராம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப அது சாயம் இல்ல பாய். நூலு" என்றார்.

காய்ந்த நூல்கண்டுகளிலிருந்து தடித்த கருப்பு நூல் கொஞ்சமும் மெல்லிய சிவப்பு நூல் கொஞ்சமும் அறுத்து எடுத்தார். ஒரு கருப்பையும் ஒரு சிவப்பையும் சேர்த்து முறுக்கினார். சிவப்பு கருப்புக்குள்ளே மறைந்துவிட்டது. "இது உங்க ஆணு. பாத்தா கருப்பு." அதேபோல இன்னொன்றை முறுக்கினார். "இது பெட்டை. இதுவும் பாத்தா கருப்பு. குஞ்சுக்கு இது ஒரு இழை குடுக்கும், அது ஒரு இழை குடுக்கும். எந்த இழைன்னு யாரு பாத்துக் குடுக்கிறா? கைக்கு வந்ததுதான்."

நூல் காயப்போடும் கல்லின் மேல் இருவரும் உட்கார்ந்து சேர்த்துச் சேர்த்து வைத்தார்கள். ஆணின் கருப்போடு பெட்டையின் கருப்பு. ஆணின் கருப்போடு பெட்டையின் சிவப்பு. ஆணின் சிவப்போடு பெட்டையின் கருப்பு. ஆணின் சிவப்போடு பெட்டையின் சிவப்பு. நான்கு வகைதான், ஐந்தாவது இல்லை. முதல் மூன்றும் பார்வைக்குக் கருப்பு. நான்காவது மட்டும் சிவப்பு. அதை மறைக்க அதில் கருப்பே இல்லை. சிவப்புச் சோடிக்கு ஏன் கருப்பு பிறப்பதில்லை என்பதும் அதோடு விளங்கிவிட்டது. கொடுப்பதற்கு அவற்றிடம் கருப்பு இழை கிடையாது.

பிச்சை நான்காவது நூலைக் கையில் எடுத்தார். "செவப்பு வரணும்னா ரெண்டு பேரும் குடுக்கணும். பெட்டை மட்டும் குடுத்தாப் பத்தாது."

"ஆமா பாய்."

"அப்ப ஆணும் சுத்தம் இல்ல."

"சுத்தமும் இல்ல, அசுத்தமும் இல்ல. உள்ள ஒரு இழை கெடக்கு, அம்புட்டுத்தான்."

பிச்சைக்கு மூங்கிலைப் பார்க்க இப்போதும் தைரியம் வரவில்லை. பதினொன்று என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

அந்த இடத்தில்தான் அவருக்குப் பெரியத்தா ஞாபகம் வந்தது. அத்தாவின் அண்ணன். மேலூரில் ஒரு இருட்டு அறையில், ஜன்னலுக்குச் சாக்குத் திரை போட்டு உட்கார்ந்திருந்தவர். பிச்சை சிறு பிள்ளையாக இருந்தபோது ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறார். வெள்ளை மயிர், வெள்ளை முகம், ஆடும் கண். கிரகணத்தில் பிறந்தவர் என்று சொன்னார்கள். கல்யாணம் இல்லாமல் செத்துப்போனார். வீட்டில் அவரைப் பற்றிய பேச்சே கிடையாது. பெரியத்தா வெள்ளை என்றால், உள்ளே கிடந்த ஒரு வெள்ளை இழை அத்தாவுக்கும் வந்திருக்கலாம். அவரிடமிருந்து தனக்கும் சபியாவுக்கும். தன்னிடமிருந்து அலீமுக்கு, சபியாவிடமிருந்து சைனபுக்கு. சொந்தம் விட்டுப் போகக்கூடாது என்று தங்கை மகளையே மகனுக்குக் கேட்டுக் கட்டிவைத்ததும் அவர்தான். பிரிந்து போன இரண்டு இழையையும் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னார். அலீம் கேட்டுக்கொண்டான், நம்பவில்லை. "நூலை வச்சு என்ன வேணும்னாலும் சொல்லலாம்" என்றான். அதுவும் நியாயம்தான்.

"சரி. புறாவ வச்சுக் காட்டுறேன். நோன்பு வரைக்கும் பொறு."

"நோன்புப் பெறை பாத்ததுக்கு அப்புறம் ஒரு நாளும் காத்திருக்க மாட்டேன்."

ராஜாராமின் பெட்டையை வாங்கி வந்தார். ஒரு வருஷமாக எந்த ஆணோடும் சேராத பெட்டை. அதன் பழைய ஆணும் மாடியில் இருந்தது, அவருடைய பேர் சொல்லும் புறா. தகரமும் கம்பி வலையும் வைத்துத் தானே ஒரு கூண்டு அடித்து, இரண்டையும் உள்ளே விட்டுப் பூட்டினார். சாவியை அலீமிடம் கொடுத்தார். தீனி போடுவதும் அலீம், தண்ணீர் வைப்பதும் அலீம். அவர் வெளியே நின்று பார்த்ததோடு சரி. தெற்கு வாசல் புறாக்காரர்கள் வந்து கூண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பாய்க்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டு போனார்கள்.

முதல் ஈட்டில் இரண்டு முட்டை, இரண்டு குஞ்சும் கருப்பு. அலீம் சாவியைச் சுழற்றிக்கொண்டு இறங்கினான். இரண்டாவதில் ஒரு முட்டை கூழ்முட்டை, இன்னொன்றில் வந்த குஞ்சு கருப்பு. மூன்றாவதிலும் இரண்டு கருப்பு. பக்ருன்னிசா மகனுக்கு மேலக்காரத் தெருவில் ஒரு பெண் இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தாள். பிச்சை ஈயம் பூசும்போதும் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்த பாத்திரத்தில் பூச்சுத் திட்டுத் திட்டாக நின்று இரண்டு வீட்டில் திருப்பிக் கொடுத்தார்கள்.

நாலில் ஒன்று என்றால் நாலாவது குஞ்சு சிவப்பு என்று பொருள் இல்லை என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு முட்டைக்கும் நூல் புதிதாகத்தான் எடுக்கப்படுகிறது. போன முட்டையில் வந்தது என்ன என்பது இந்த முட்டைக்குத் தெரியாது. பத்துக் குஞ்சும் கருப்பாகப் போனாலும் அதில் குற்றம் இல்லை. அப்படிப் போனால் சைனபின் கதி?

நான்காவது ஈடு கார்த்திகை மழையில் பொரிந்தது. நோன்புக்கு எட்டு நாள் இருக்கும்போது அலீம் தீனி போட மாடிக்குப் போனான். வெகுநேரம் இறங்கவில்லை. பிச்சை ஏறிப் பார்த்தார். கூண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு குஞ்சின் குருத்து கருப்பு. மற்றதன் சிறகு ஓரத்தில் செம்பு நிறம் துளிர்த்திருந்தது.

"அத்தா" என்றான். நகர்ந்து அவருக்கு இடம் விட்டான்.

பிச்சை புறாக்காரர்கள் அத்தனை பேரையும் மாடிக்குக் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "முப்பது வருஷமா நான் சொன்னது தப்பு. பெட்டை மேல பழி போட்டேன். ஆணையும் பாத்திருக்கணும். எம்பேத்தி வெள்ளையாப் பொறந்தது துரை வீட்டால இல்ல. துரை வீட்டுப் பிள்ளைக வெயில்ல ஓடி ஆடுது, எம்பேத்தி வெயிலப் பாத்தாக் கண்ணை மூடுது. எங்க பெரியத்தா அப்படித்தான் இருந்தாரு. அது எங்க வீட்டு இழை. எங்கிட்டருந்து வந்தது."

கீழே அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

மறுநாள் அப்பனும் மகனும் தல்லாகுளம் போனார்கள். சைனப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். அலீம் நின்றுகொண்டே கூண்டு, சாவி, செம்புக் குஞ்சு எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்து, "கெளம்பு, போகலாம்" என்றான்.

சைனப் அவனைப் பார்க்கவில்லை. மாமனைப் பார்த்தாள்.

"அந்தக் குஞ்சு கருப்பாப் பொறந்திருந்தா, மாமா?"

அலீம் தலையைக் குனிந்தான். முகைதீன் பிச்சைக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நாலுல மூணு பங்கு கருப்பாத்தாம்மா பொறந்திருக்கும்" என்றார். "பொறந்திருந்தாலும் நீ இதே சைனபுதான். அது தெரிய எனக்குப் புறா வேண்டியிருந்துச்சு. அதுதான் என் தப்பு."

அவள் பிள்ளையை அலீமிடம் நீட்டினாள். "மொதல்ல தூக்குங்க. ஆறு மாசமாகுது, நீங்க இன்னும் தூக்கல." அவன் வாங்கினான். பிள்ளை வெளிச்சத்துக்குக் கண்ணை இறுக்கியது. அவன் உள்ளங்கையை அதன் நெற்றிக்கு மேல் குடையாகப் பிடித்தான். அன்றைக்கு அவள் கிளம்பவில்லை. நோன்புப் பெருநாள் கழித்து வருகிறேன் என்றாள், சொன்னபடி வந்தாள். அந்த வீட்டில் இருந்த அத்தனை வருஷத்திலும் மாடிக்கு மட்டும் அவள் ஏறியதே இல்லை.

பிள்ளைக்குப் பாத்திமுத்து என்று பெயர். பகலில் தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்தை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து ஓதினாள். அந்தக் கூண்டுச் சோடியை முகைதீன் பிச்சை கடைசிவரை பிரிக்கவில்லை. ஆறேழு வருஷத்தில் அறுபத்து நாலு குஞ்சு. பதினேழு சிவப்பு.

அவருடைய நீதிபதி வேலையும் நின்றுவிடவில்லை. காளவாசலிலிருந்து ஒருவன் ஒருநாள் கூடையில் ஒரு கருப்புப் பெட்டையோடு வந்தான். பாத்திமுத்து நடையில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தாள். சைனப் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"செவப்புக் குஞ்சு போட்டுருக்கு பாய். கழிச்சுரலாமா?"

"ஆணு எங்க?"

"அதை எதுக்கு பாய்? அது நல்ல சாதி. வீட்டுல இருக்கு."

"போயி அதையும் தூக்கிட்டு வா" என்றார் முகைதீன் பிச்சை. "அது வராம நான் பெட்டையப் பாக்க மாட்டேன்."

உள்ளே அரிசி களையும் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடியும் தொடர்ந்தது.